நாமத்தலைக்கு இரண்டு சாட்சி

டிசம்பர் 30, திங்கள்

முன்கதவின் நிலை வளைந்துவிட்டது. வலப்பக்கச் சட்டம் நடுவில் உள்நோக்கிப் பிதுங்கி நிற்கிறது. பர்மாத் தேக்கு, மாமனார், என் கஸ்பாரின் அப்பா, வைத்தது. தூத்துக்குடி உப்புக்காற்றுக்கு இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததே பெரிது.

ஆசாரி செல்லையா வந்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நேராத்தாம்மா இருக்கு. நூல் புடிச்ச மாரி நிக்கி."

"பார்த்தாலே தெரிகிறதே, செல்லையா."

"ஒங்களுக்குத் தெரியுது. குண்டுக்குத் தெரியலயே."

வேலையில் அக்கறை இருந்த ஆசாரிகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 2, வியாழன்

புது டைரி. கோடுகள் நெருக்கமாக அச்சடித்திருக்கிறார்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுகிறேன். பட்டைப் பேனா வாங்கியிருக்கிறேன். கான்வென்ட்டில் மதர் செலின் சொல்லித்தந்த முறையே இந்த வருடமும்: நடந்ததை எழுது, அழுததை எழுதாதே.

பாகற்காய்ப் பொரியலில் உப்புக்குப் பதில் சர்க்கரை விழுந்துவிட்டது. இரண்டு டப்பாவையும் ஒரே மாதிரி வாங்கி வைத்தது மகள் ஜெனோவா. மஸ்கட்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து என் சமையலறையை மாற்றி வைத்துவிட்டுப் போவாள்.

ஜனவரி 5, ஞாயிறு

கோயிலில் இன்று பைபிளின் முதல் வாசகம் என்னுடையது. மனப்பாடம் செய்து வாசித்தேன். புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்ளாமல் மக்களைப் பார்த்து வாசிப்பதுதான் மரியாதை. சாமியார் வந்து பாராட்டினார். முதலில் அவரை யாரென்று தெரியவில்லை. குரலை வைத்துப் புரிந்துகொண்டேன். முகத்தில் வெயில் விழுந்திருந்தது.

ஜனவரி 9, வியாழன்

பறவைக் குழுவின் கூட்டம் இங்கே நடந்தது. நாலே பேர். வங்கி வேலையில் இருக்கும் ரூபன், வேனுக்கும் பதிவுக்கும் பொறுப்பு. பல் டாக்டர் கமாலுதீன், தோளில் ஒரு குழந்தையைப் போலக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைபவர். பிறகு சொர்ணலதா டீச்சர், நான்.

டீச்சரைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் நினைப்பேன், முடிவதில்லை. அரசுப் பள்ளியில் உயிரியல் எடுத்து ஓய்வு பெற்றவர். குழு தொடங்கிய நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவர் ஒத்துக்கொண்டதில்லை. கிளுவை வாத்தைவிட நீலச்சிறகி வாத்து ஒரு துளி பெரிது என்று அவரும், இரண்டும் ஒரே அளவு என்று நானும் மணப்பாடு போய்த் திரும்பும்வரை சண்டை போட்டிருக்கிறோம். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

பதினெட்டாம் தேதி பழையகாயல் போவதென்று முடிவாயிற்று. வடக்கிலிருந்து குளிருக்கு வந்த வாத்துகள் கழிமுகத்தில் நிறைய இறங்கியிருப்பதாக ரூபன் சொன்னார். அப்போது டீச்சர் ஆரம்பித்தார்.

"யக்கா, ஒவ்வொரு தடவையும் நீங்களே முன்னால நின்னு முடிவு சொல்லணுமா? முறை வச்சு ஆளுக்கொரு தடவ நிப்போமே."

"என் சொல்லில் என்ன குறை கண்டீர்கள், டீச்சர்?"

"குறைன்னு யாரு சொன்னா? ஒங்களுக்கும் ஓய்வு வேணும்லா."

குழுவின் முறையை உண்டாக்கியது நான். ஒருவர் மட்டும் பார்த்த பறவை பதிவில் ஏறாது. முதலில் பார்த்தவர் பெயர் சொல்லாமல் இடத்தை மட்டும் காட்ட வேண்டும். இரண்டாவது ஆள் தானே பார்த்து, தானே பெயர் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ரூபன் எழுதுவார். அதனால்தான் எங்கள் பதிவு என்றால் வனத்துறையிலும் கல்லூரியிலும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே சொன்னேன்: "நான் சொல்லி ஏறிய பறவை ஒன்று பொய்யாகட்டும். அன்றைக்கே பைனாகுலரைக் கழற்றி வைத்துவிடுகிறேன்."

டாக்டர் இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 13, திங்கள்

பைனாகுலரில் பூஞ்சை பிடித்திருக்கிறது. நடுவில் ஒரு சாம்பல் திட்டு. துடைத்தும் போகவில்லை.

ஜனவரி 18, சனி

நல்ல நாள். முழுதாக எழுதிவிட வேண்டும்.

விடியுமுன் வேன் வந்தது. கஸ்பார் இருந்தவரை ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு என்னோடு வருவார். அவருக்குக் காக்கையும் வாத்தும் ஒன்றுதான். நான் எதைக் காட்டினாலும் "ஆமா எர்மலின், அழகா இருக்கு" என்பார். பலமுறை தப்பான திசையில் பார்த்துக்கொண்டே சொல்வார். இப்போது ஃபிளாஸ்க்கை ரூபன் எடுத்துக்கொள்கிறார்.

உப்பளம் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. பாத்திகளில் பூநாரைகள் நின்றன. அவற்றுக்கு என் தயவு வேண்டியதில்லை. தூரத்து இளஞ்சிவப்பை யாரும் தவற விடமுடியாது. வழி நெடுக மின்கம்பங்களைச் சாய்த்து நட்டிருக்கிறார்கள். ரூபனிடம் சொன்னேன். "புயலா இருக்கும் மேடம்" என்றார்.

கழிமுகத்தின் கிழக்குக் கரையில் இறங்கினோம். தண்ணீர் வற்றியிருந்தது. சேற்றுவாடை, மெல்லிய காற்று. இடதுபுறம் ஊசிவால் வாத்துகள் பெருங்கூட்டமாக இருந்தன. டாக்டர் இடத்தைக் காட்டினார், டீச்சர் பெயரைச் சொன்னார், எழுதியாயிற்று. தட்டைவாயன்கள் சேற்றை அரித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. முடிவு சொல்லும் என் வேலை எளிதாக இருந்தது.

பிறகுதான் அது. வலதுபுறம், ஆற்றுத்தண்ணீரும் கடலும் சேரும் இடத்தில், கருமையாக ஒரு வரிசை அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குட்டைக் கழுத்து, உருண்டைத் தலை. நேராகப் பார்த்தால் நழுவியது. சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் நின்றது. ஐந்து குளிர்காலமாக இந்தக் கரையில் யார் கண்ணிலும் படாத வாத்து. என்னை அடக்க முடியவில்லை. முறையை மீறி நானே பெயரைச் சொல்லிவிட்டேன்.

"நாமத்தலை! முப்பதுக்குக் குறையாது!"

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். சிறிது நேரம் காற்றின் சத்தம் மட்டும்தான். இப்படிப்பட்ட கூட்டத்தைக் கண்டால் யாருக்கும் பேச்சு வராதுதான்.

"டாக்டர், படம் எடுங்கள்" என்றேன்.

"வெளிச்சம் சரியில்ல மேடம். எதிர்வெயில்." கேமராவை உறைக்குள் வைத்துவிட்டார்.

"சாட்சி யார்?"

டீச்சர் பைனாகுலரை இறக்காமல் நின்றார். பிறகு சொன்னார்: "ஆமாக்கா. நாமத்தலைதான். நெத்தியில வெள்ளையா நாமம் நல்லாத் தெரியுது."

"மேடம், போட்டுரட்டுமா?" என்றார் ரூபன். "போடுங்கள்" என்றேன். "நிச்சயமாப் போட்டுரட்டுமா மேடம்?" "எத்தனை தடவை கேட்பீர்கள்? இரண்டு சாட்சி ஆயிற்று." "இல்ல மேடம், பேனா எழுதல, அதான்."

வள்ளம் ஒன்று அந்த வரிசையை ஒட்டியே போனது. ஒரு வாத்துகூட எழும்பவில்லை. எவ்வளவு தூரம் பறந்து வந்தவை! களைப்பு. டீச்சர் என் முழங்கையைப் பிடித்து வரப்பில் இறக்கிவிட்டார். தேவையே இல்லை, ஆனால் தட்டிவிடவில்லை. இன்று எல்லோர் மேலும் எனக்குப் பிரியமாக இருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

நேற்றைய சந்தோஷம் இன்னும் இருக்கிறது. ஜெனோவாவிடம் போனில் சொன்னேன். "கண்ணைக் காட்டுனீங்களாம்மா?" என்று கேட்டாள். பறவையைப் பற்றிச் சொன்னால் கண்ணைப் பற்றிக் கேட்கிறாள். காது கேட்பதில்லை அவளுக்கு.

ஜனவரி 21, செவ்வாய்

ரூபன் போன் செய்தார். பதிவை அனுப்ப இன்னும் பத்து நாள் ஆகலாமாம், மாதக் கடைசி என்பதால் வங்கியில் வேலை அதிகமாம். மாதக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டேன். "ஆமால்லா மேடம்" என்றார்.

ஜனவரி 22, புதன்

நெற்றியில் வெள்ளையாக நாமம் தெரிந்தது என்றார் டீச்சர். ஆண் நாமத்தலையின் நெற்றி வெள்ளை இல்லை. வெண்ணெய் நிறம். இதை எனக்குச் சொல்லித் தந்ததே டீச்சர்தான். "வெள்ளைன்னு சொல்லாதிய, வெண்ணெய்ன்னு சொல்லுங்க" என்று மூன்று தடவை திருத்தியவர்.

எதிர்வெயில் என்றார் டாக்டர். அந்த நேரத்தில் வெயில் எங்கள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. புடவை வழியாகச் சூடு உறைத்தது நினைவிருக்கிறது.

ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். அவையும் வளைந்திருக்கின்றன.

ஜனவரி 24, வெள்ளி

மாலையில் சொர்ணலதா டீச்சர் வந்தார், மக்ரூன் பொட்டலத்தோடு. இத்தனை வருடத்தில் கையில் பொருளோடு வந்தது இதுதான் முதல் தடவை. சண்டைக்கு வரும்போது வெறுங்கையோடுதான் வருவார்.

உட்கார்ந்தார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டார். காபியை அவரே போட்டு, கோப்பையின் பிடியை என் விரலுக்கு நேராகத் திருப்பி வைத்தார். மெல்லப் பேசினார்.

சாதாரணமாக, தெரிந்தே தலைகீழாகச் சொன்னேன்: "யோசித்துப் பார்த்தால், நீலச்சிறகியைவிடக் கிளுவைதான் பெரிது, டீச்சர்."

மக்ரூன் நொறுங்குகிற சத்தம் நின்றது.

"ஆமாக்கா" என்றார். "கொஞ்சம் பெரிசுதான்."

கோப்பையைக் கீழே வைத்தேன். கஸ்பார் முப்பத்தெட்டு வருடம் எனக்கு ஆமாம் போட்டவர். அந்தச் சொல்லின் எல்லாக் குரலும் எனக்குத் தெரியும்.

"அன்றைக்குத் தண்ணீரில் என்ன இருந்தது?"

மக்ரூன் பொட்டலத்தை மடிக்கும் சத்தம் கேட்டது.

"டீச்சர், நான் கேட்கிறேன்."

"கேன்க்கா. வலை மிதக்கதுக்குக் கட்டுவாங்கள்லா, கறுப்புக் கேன். அது."

"மூன்று பேருக்கும் தெரிந்ததா?"

"வள்ளத்துக்காரனுக்கே தெரிஞ்சிருக்கும் நாம என்ன பாக்கோம்னு. நின்னு சிரிச்சிட்டுப் போனான்."

"நீங்கள் சாட்சி சொன்னீர்கள்."

"சொன்னேன். வேற என்ன செய்யச் சொல்லுதிய? ஒரு பறவை பொய்யானா கழட்டி வச்சிருவேன்னு நீங்கதான் சபதம் போட்டு வச்சிருக்கிய. அன்னைக்கு ஒங்க முகத்தப் பாத்தேன். சின்னப் புள்ள மாரி இருந்திய. மனசு வரலக்கா."

"உங்களுக்கு மனசு வராததால், இல்லாத முப்பது வாத்து பழையகாயலில் நீந்துகிறது."

"நீந்தட்டும்! யாரக் கடிக்கப் போவுது?"

"என்னை" என்றேன்.

அவர் அழுதார். நான் எழுந்துபோய் முன்கதவைத் திறந்து வைத்தேன். போகச் சொல்லவில்லை. ஆனால் போய்விட்டார். வளைந்த நிலைக்குள் புகுந்து வளைந்து போனார். தெருவிளக்கின் கீழே அவர் முகம் இருக்கவேண்டிய இடத்தில் அந்தச் சாம்பல் திட்டுதான் இருந்தது. நான் பைனாகுலர் போட்டிருக்கவில்லை.

ஜனவரி 25, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 27, திங்கள்

ரூபனுக்குப் போன் செய்தேன். நாமத்தலை வரியை அடித்துவிடச் சொன்னேன்.

"அத நான் ஏத்தவே இல்ல மேடம்" என்றார். "பென்சில்லதான் எழுதி வச்சிருந்தேன். ஒங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு..."

பேனா எழுதவில்லை என்றாரே. ஆக, மூவரும் சேர்ந்து என்னை ஒரு கண்ணாடிச் சாமானைப் போலப் பஞ்சில் சுற்றி வைத்திருந்திருக்கிறார்கள். கோபம் வந்தது. கோபத்தில் வீட்டைப் பெருக்கினேன். ஒரு மூலையில் கரப்பான் பூச்சி என்று அடித்தது பேரீச்சங்கொட்டை.

மாலையில் டீச்சருக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஆட்டோவில் இரண்டு பேருக்கு இடம் இருக்கும்" என்றேன்.

"எத்தன மணிக்குக்கா?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

சின்ன வயது டாக்டர் அம்மா. கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். நடுவில் கோடுகள் எல்லாம் என் வீட்டு நிலையைப் போலப் பிதுங்கி நின்றன. சரியாக அச்சடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். செல்லையாவின் தூக்குக்குண்டு நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. வலது கண்ணில் போனது போனதுதான். இடது கண்ணில் மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். ஓரப் பார்வை எப்போதும் இருக்கும். நடமாடலாம். வாசிக்கவும் முகம் பார்க்கவும் சிரமப்படும்.

"பறவை?" என்று டீச்சர் கேட்டார். நான் கேட்கவில்லை.

"தூரத்துல இருக்கதக் கண்டுபிடிக்கது கஷ்டம்மா" என்றார் டாக்டர் அம்மா.

கண்ணில் ஊசி என்றால் பயமாகத்தான் இருந்தது. வலிக்கவில்லை. டீச்சர் என் கையைப் பிடித்திருந்தார். அவருக்குத்தான் வலித்தது போலிருக்கிறது, நகம் பதிந்திருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

உப்பு டப்பாவைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். சர்க்கரைக்கு இல்லை. ஜெனோவாவிடம் எல்லாம் சொன்னேன். அழுதாள், மஸ்கட்டுக்கு வரச் சொன்னாள். அங்கே வாத்து உண்டா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சாமியாரிடம் வாசகம் இனி மனப்பாடமாகத்தான் வரும் என்று உண்மையைச் சொன்னேன். "அதனால என்னம்மா, எழுதுனவங்களும் மனப்பாடமாத்தான வச்சிருந்திருப்பாங்க" என்றார்.

பிப்ரவரி 15, சனி

மறுபடியும் பழையகாயல். வேன் புறப்படுமுன் பைனாகுலரைக் கழற்றி ரூபன் கையில் கொடுத்தேன். மூவருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "நான் சொன்ன ஒரு பறவை பொய்யாயிற்று. கண்ணின் நடுவில் எனக்குப் பார்வை இல்லை. இனி என் கண் சாட்சி ஆகாது. முன்னால் நிற்பது சொர்ணலதா டீச்சர்."

ரூபன் தரையைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப நீங்க என்ன செய்வியளாம்?" என்றார் டீச்சர்.

"கேள்வி கேட்பேன். சாட்சி என்றால் குறுக்கு விசாரணை வேண்டாமா?"

"ஆத்தாடி. இது அதவிட மோசம்லா" என்றார் ரூபன். வெகுநாளைக்குப் பிறகு வேனுக்குள் சிரிப்பு.

கரையில் எனக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டார்கள். முதலில் மறுத்தேன், பிறகு உட்கார்ந்தேன். பருவம் முடிகிறது, பாதி வாத்துகள் போய்விட்டன. கேனைக் கட்டிய வலை இன்னும் அங்கேதான் கிடந்ததாம். "ஒங்க நாமத்தலை நலமா இருக்கு மேடம்" என்றார் டாக்டர். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

டாக்டரும் ரூபனும் அலையாத்தி மரங்களின் பக்கம் நடந்தார்கள். டீச்சரும் நானும் மட்டும். திடீரென்று அவர் நிமிர்ந்தார்.

"நாலு வாத்து. பழுப்பு. ஊசிவால் பொட்டை."

"கழுத்து நீளமா?"

"இல்ல. குட்ட."

"தலை?"

"உருண்ட."

"அலகு?"

"சின்னது. நீலம் பாரிச்ச சாம்பல். நுனி கறுப்பு. எதுக்கு இத்தன கேள்வி? ஊசிவால்தான்."

"எழும்பினால் வயிற்றைப் பாருங்கள்."

அவை எழும்பிவிட்டன. சிறகடிப்பு என் காதுக்கும் எட்டியது. "வெள்ள வயிறுக்கா, பளிச்சுன்னு" என்று கத்தினார்.

"அப்படியானால் அது ஊசிவால் இல்லை, டீச்சர். நாமத்தலை."

"நாமமே இல்லாம நாமத்தலையா?"

"பெண்ணுக்கு ஏது நாமம்?"

"யக்கா, கண்ணால பாத்தது நான். நீங்க..."

நின்றார். ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். அந்த வாக்கியத்தை அவர் விழுங்கிவிட்டால், இனி எனக்கு மக்ரூன்தான், சண்டை கிடையாது.

"நீங்க பாக்கவே இல்ல!" என்றார் உரக்க. "உக்காந்த இடத்துல உக்காந்துக்கிட்டு, பாத்தவகிட்டயே வந்து நாமத்தலங்கிய! என்ன தைரியம் ஒங்களுக்கு!"

"நீங்கள் பார்த்ததைத்தான் நான் சொல்கிறேன். நீங்கள்தான் வேறு எதையோ சொல்கிறீர்கள்."

டீச்சர் மூச்சிரைக்கப் பையைக் கிளறிப் புத்தகத்தை எடுத்தார். பக்கம் புரட்டும் சத்தம்.

"நாமத்தலதான்" என்றார் கடைசியில். குரலில் அப்படி ஒரு எரிச்சல். உடனே திரும்பி, "ரூபன்! எழுதுங்க! நாமத்தல, நாலு, பொட்ட!" என்று கூவினார்.

ரூபன் ஓடிவந்தார். "மேடம், போட்டுரட்டுமா?"

"கூடாது" என்றேன். "பார்த்தது ஒருவர்தான். இரண்டாவது சாட்சி இல்லை."

"என்னது? ஒங்க வாயாலதான சொன்னிய?"

"நான் பார்க்கவே இல்லை என்று இப்போதுதானே சொன்னீர்கள்?"

வேன் தூத்துக்குடி வந்து சேரும்வரை அவர் அடங்கவில்லை. கேனுக்கு இரண்டு சாட்சி, உயிருள்ள வாத்துக்கு ஒன்றா, இது என்ன முறை, யார் போட்ட முறை என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் போட்ட முறை என்றேன். டாக்டர் தூங்குவது போல நடித்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது டீச்சர் என் முழங்கையைப் பிடித்தார். படி இருக்கிறது என்று சொல்லவில்லை. "கிளுவதான் சின்னது. அன்னைக்குச் சும்மா சொன்னேன், தெரிஞ்சுக்கோங்க" என்றார்.

"தெரியும்" என்றேன்.

பதிவில் இன்று: நாமத்தலை இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் செல்லையா ஆசாரியின் பட்டறைக்குப் போனேன். கதவு நேராகத்தான் இருக்கிறது, அவருடைய குண்டு சொன்னதே சரி என்று சொன்னேன்.

"அப்ப நெசமாவே நேராத்தான் இருக்காம்மா?" என்று கேட்டார், சந்தேகத்தோடு.